ஈஸ்டருக்குள் ஒரு வார்த்தை

ஹார்டன், இங்கிலாந்து
12 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணன் ஞானமுத்து அவர்களுக்கு,

தங்கை அருள்மேரி எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதினால் என் முழங்கால் சிரிக்கும். உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? பனி இறங்கும் நேரத்தில் வெளியே போகாதீர்கள்.

போனில் பேசலாமே என்பீர்கள். கிறிஸ்துமஸ் அன்று பேசியதுதான் தெரியுமே. என் காதில் வைத்த மிஷின் விசில் அடித்தது; பத்து நிமிஷமும் ஹலோ ஹலோ என்றே போயிற்று. அதனால் அம்மா ஜெபப் புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொடுத்த தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தி. அம்மாவும் நானும் குடியேறி, அறுபத்திரண்டு வருஷமாக நான் இருக்கிற இந்த எஸ்டேட்டை இடிக்கப்போகிறார்கள். சுவருக்குள் ஈரம் ஏறிவிட்டதாம். பழுது பார்ப்பதைவிட இடிப்பது லேசாம். ஊர் நடுவில் ஒன்பதாவது மாடியில் ஒரு ஃபிளாட் தருகிறார்கள். போய்ப் பார்த்தேன். ஜன்னல் நாலு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. வேண்டும், வேண்டாம் என்று ஜூலை முப்பத்தொன்றுக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். பிள்ளை இல்லை. மாடியில் போய் உட்கார்ந்துகொண்டு யாருக்காகக் காத்திருக்க? அண்ணே, நான் அங்கே வந்துவிடலாமா? பென்ஷன் வருகிறது, பாரமாக இருக்க மாட்டேன். காகித வேலைகளையும் முடித்து வைத்திருக்கிறேன். ஆனால் நீங்கள் வா என்று சொன்னால்தான் வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிலைப் பார்த்திருக்கும் மேரி


ஆனந்தகிரி, கொடைக்கானல்
9 பிப்ரவரி 2024

பிரியமுள்ள தங்கச்சி மேரிக்கு, அண்ணன் ஞானமுத்து சொல்ல, பக்கத்து வீட்டு ஹெப்சிபா டீச்சர் எழுதுவது. நான் நலம். மூச்சிரைப்பு விடியற்காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்ப வழியுண்டா என்று விசாரிக்கிறேன். டீச்சர் சி.எஸ்.ஐ. சபை. அவர் ‘கர்த்தர்’ என்று எழுதினால் நீ ‘ஆண்டவர்’ என்று படித்துக்கொள்.

உன் கடிதத்தை டீச்சர் இரண்டு தரம் படித்தார். எஸ்டேட்டை இடிக்கிறார்கள் என்றதும் நான், “எத்தனை ஏக்கருங்க, காப்பியா மிளகா?” என்று கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, அங்கே வரிசை வீட்டுக்குத்தான் அந்தப் பெயர், நம் ஹவுசிங் போர்டு மாதிரி என்றார். இத்தனை வருஷமாக நீ காப்பிச் செடிக்கு நடுவில் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே உறைபனியில் உருளைச் செடி கருகிவிட்டது. போன வாரம் காட்டெருமை ஒன்று தெருவுக்குள் வந்து, டீச்சர் வீட்டுக் கேட்டில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போனது. தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. திண்டுக்கல்லிலிருந்து மகன் ஜெரால்டு வா வா என்கிறான். அந்த வெக்கையில் போய் என்ன செய்ய?

வீடு நீ தொண்ணூற்று நாலில் வந்து பத்து நாள் தங்கிய அதே வீடுதான். முன்னறை, பின்னறை. பின்னறையில் கிழங்கு மூட்டையும் உடைந்த கட்டிலும் கெடக்கு. ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

நீ கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன். அதுவரை, சின்னப் பிள்ளையில் அந்த ஊரில் எப்படி இருந்தாய் என்று எழுது. நீ வந்தபோது கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அண்ணன்,
ஞானமுத்து


ஹார்டன்
3 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். ஹெப்சிபா டீச்சருக்கு என் வந்தனம். கேட் உடையாமல் இருக்கட்டும்.

கேட்டீர்கள், எழுதுகிறேன். முதல் மூன்று வருஷம், பிள்ளைகளைப் பார்க்க அம்மா ஆயாவாகக் கூட வந்தாளே, அந்தப் பார்லோ துரைசாணியின் கிராமத்தில், ஹேசல்கோட்டில். குதிரை லாயத்துக்கு மேலே ஓர் அறை எங்களுக்கு. காலையில் வாசலில் பால் பாட்டில் வைத்திருப்பார்கள். வெள்ளித்தாள் மூடியைச் சின்னக் குருவிகள் கொத்தி ஏட்டைக் குடித்துவிடும். குருவிக்கு முன்னால் எழுந்து பாட்டிலை உள்ளே எடுத்து வைப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு பிள்ளைகள். ஒருத்தி என் கையைத் தடவி, நிறம் ஒட்டுமா என்றாள். ஒட்டும் என்று சொல்லி, விரலை நக்கி அவள் கவுனில் தேய்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அதற்கு அவள் அழுதாள்.

பிறகு துரைசாணி வீட்டு வேலை முடிந்தது. அம்மா காலுறை ஆலையில் சேர்ந்தாள், நாங்கள் இந்த எஸ்டேட்டுக்கு வந்தோம். இருநூறு வீடு, எல்லாக் கதவும் ஒரே பச்சை. முதல் வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, வேறு யார் வீட்டுக்குள்ளோ போய் மேசையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டு அம்மாள் ஒரு வார்த்தை கேட்காமல் ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார். தின்று முடித்த பிறகுதான் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம் இல்லையே என்று பார்த்தேன். அதற்குள் அம்மா தெருவில் நின்று “மேரி, மேரி” என்று கூப்பிட, மூன்று வீட்டிலிருந்து மூன்று மேரிகள் வெளியே வந்தார்கள். நான் நாலாவது.

சந்தோஷமாகத்தான் வளர்ந்தேன், அண்ணே. அதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சம். அங்கே நீங்கள் பள்ளிக்கூடம் போகாமல் மண்வெட்டி பிடித்த வயதில், நான் குருவியோடு சண்டை போட்டேன். உங்கள் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டது போலிருக்கும்.

ஓடு ஒழுகினால் வாளி வைத்துக்கொள்ளலாம். வரலாமா என்று கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
மேரி


ஆனந்தகிரி
20 ஏப்ரல் 2024

பிரியமுள்ள மேரிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சீசன் தொடங்கிவிட்டதால் ஏரிப் பக்கம் கார்ப் புகை, அதற்கு மட்டும் இருமல். உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. டீச்சர் தினமும் கேட்டார். எனக்கு ஏதாவது சோலி இருந்துகொண்டே இருந்தது.

நாலு மேரியைக் கேட்டு டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். பங்கைத் தின்றதாக எழுதாதே. கூட ஒரு பிள்ளையைத்தான் கூட்டி வரலாம் என்று சொன்னது துரைசாணி. நீ நாலரை வயது. நீ போனாய்.

உனக்கு நினைவில்லாததை நான் சொல்கிறேன். படிக்காதவனுக்குக் காதில் விழுந்தது அழியாது. பார்லோ பங்களா தோட்டத்து லைன் வீடு. ஐம்பத்தொன்பது பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை. அம்மா தகரப் பெட்டியை எடுத்தாள். அப்பா சவரிமுத்து கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: “கடல் தாண்டிப் போனா, திரும்ப இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது.” அம்மா, ரெண்டே வருஷம், வந்து பிள்ளைகளுக்கு ஓட்டு வீடு கட்டிவிடலாம் என்றாள். அப்பா சாணையை நிறுத்தவில்லை. பஸ்ஸுக்கு நான்தான் வந்தேன். நீ ஜன்னலில் தூங்கிவிட்டாய்.

இரண்டு வருஷம் மூன்றாகப் போனது. அறுபத்தொன்று அக்டோபரில் அம்மாவின் கடிதம் வந்தது. ஆண்டனி உபதேசியார் கோவில் மணிக்கூண்டுக்குக் கீழே வைத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். நானும் நின்றேன். அது இது:

“பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குப் போவதால் என் வேலை ஈஸ்டரோடு முடிகிறது. துரைசாணி கப்பலுக்கு டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். வாசல் மிதிக்கக் கூடாது என்றீர்கள். வா என்று ஒரு வார்த்தை எழுதினால் வருகிறேன். ஈஸ்டருக்குள் வராவிட்டால், வேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன். இரண்டாம் முறை கேட்க மாட்டேன்.”

ஒரு எழுத்துக் கூடக் குறைய இல்லை. அதற்கு அப்பா

டீச்சருக்குக் கை வலிக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

அண்ணன்,
ஞானமுத்து

(எனக்குக் கை வலிக்கவில்லை. – ஹெப்சிபா)


ஹார்டன்
14 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு நாளுக்கு ஒரு படி குறைவாக ஏறுகிறேன், அவ்வளவுதான்.

அம்மாவின் கடிதத்தை நீங்கள் சொல்லி, நான் இப்போதுதான் அறிகிறேன். ஆனால் அந்தக் கடிதத்துக்காக அவள் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். எதற்கென்று அப்போது தெரியாது.

இங்கே தபால்காரர் கதவிலுள்ள ஓட்டை வழியாகக் கடிதத்தை உள்ளே தள்ளுவார். அது மிதியடி மேல் விழும். அந்தக் குளிர்காலம் முழுக்க அம்மா காலை எட்டு மணிக்குத் துரைசாணி வீட்டு மாடிப்படியின் கீழ்ப் படியில் பிரஷ்ஷோடு உட்கார்ந்துவிடுவாள். படியைத் துடைப்பதாகப் பேர். அந்தப் படியில் தூசியே கிடையாது. தபால் விழும் சத்தம் கேட்டதும் எழுந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். பெரிய சனிக்கிழமை அன்றும் புரட்டினாள். ஈஸ்டருக்குச் சேலை கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். திங்கட்கிழமை துரைசாணியிடம், டிக்கெட் வேண்டாம் என்றாள். சேலையை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தாள். அதன் பிறகு கோட்டும் கவுனும்தான்.

அப்பாவைப் பற்றி அவள் பேசியது ஒரே ஒரு தடவை. தொண்ணூற்று ஏழில், சாகிற மாதத்தில். “உங்கப்பா ஒரு வார்த்தை எழுதலை” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யலை என்பது போலச் சொன்னாள்.

அப்பாவைக் குறை சொல்ல எழுதவில்லை. நீங்கள் ஏன் பதில் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. உங்களை விட்டுவிட்டு நாங்கள் போய்விட்டோம். அந்தக் கோபம் நியாயம். என்னை வாய்விட்டு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு மனம் வராது. அதனால் இப்படிச் செய்வோம். ஜூலை முப்பத்தொன்றுக்குள் கடிதம் வந்தால் வருகிறேன். வராவிட்டால், வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன். மறுபடி கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அம்மா மாதிரியே எழுதிவிட்டேன் போலிருக்கிறது. மன்னியுங்கள்.

மேரி


ஆனந்தகிரி, கொடைக்கானல்
30 ஜூன் 2024

கர்த்தருக்குள் அன்பான சகோதரி அருள்மேரி அவர்களுக்கு,

ஹெப்சிபா எழுதுகிறேன். இதை உங்கள் அண்ணன் சொல்லி எழுதவில்லை. நான் இதை எழுதுகிறேன் என்பதும் அவருக்குத் தெரியாது. உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன்.

உங்கள் மே மாதக் கடிதத்தை அவருக்குப் படித்தேன். மாடிப்படி வந்த இடத்தில், போதும் டீச்சர் என்று எழுந்துவிட்டார். மீதியை மறுநாள்தான் கேட்டார். அன்று முதல் என்னைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறார். பதில் எழுதலாமா என்று கேட்டால், வெள்ளாமை பார்க்கப் போளூர் போகணும் என்கிறார். போளூரில் அவருக்கு ஒரு சாண் நிலம் கிடையாது.

இரண்டு வாரமாகப் பின்னறையிலிருந்து சத்தம். நேற்று எட்டிப் பார்த்தேன். மூட்டைகளை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார். கட்டிலுக்குப் புதுச் சட்டம் அடித்திருக்கிறார். ஓடு மாற்றியாகிவிட்டது. யாருக்கு என்று கேட்டேன். “எலித் தொல்லை, டீச்சர்” என்றார்.

அவருக்கு உங்கள்மேல் கோபம் என்று நீங்கள் எழுதியது சரியாகத் தோன்றவில்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினவள் நான். கோபக்காரப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். இவர் தரையைப் பார்க்கிறார்.

தேதி நெருங்குகிறது. என்னால் முடிந்ததைச் செய்கிறேன்.

உண்மையுள்ள,
ஹெப்சிபா


ஆனந்தகிரி
8 ஜூலை 2024

மேரிக்கு,

நான் நல்லாயிருக்கிறேன். நீயும் இருக்க வேண்டும். முதலில் ஒன்று: வா. வேண்டாம் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. பின்னறை தயாராகக் கெடக்கு. இந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய்த் தபாலாபீஸ் ஜன்னலில் கொடுத்து ரசீது வாங்குவேன்.

ஆனால் மீதியையும் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய். டீச்சரிடம், நடுவில் ஒன்றும் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா பதில் எழுதினார்.

அம்மாவின் கடிதத்தை ஒரு மாதம் மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். கல்லறைத் திருநாள் முடிந்து மூன்றாம் நாள், உபதேசியார் வீட்டுக்குப் போய் நீல நிற விமானக் கடிதத்தில் எழுதச் சொன்னார். நானும் கூட நின்றேன். ஒட்டி என் கையில் கொடுத்து, “வெரசாப் போயிப் போட்டுட்டு வா” என்றார். எனக்குப் பதிமூன்று வயது.

நல்ல மழை. சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தேன். சேற்றுக் காலோடு தபாலாபீஸ் படி ஏற எனக்குக் கூச்சம். போகிற வழியில் மேட்டு வளைவில் ஒரு வெள்ளைக்காரர் பங்களா. கேட்டுத் தூணில் சிவப்புத் தகரப் பெட்டி, வெள்ளை எழுத்து, நடுவில் நீளமாக ஒரு வாய். தபால்காரர் அந்தப் பெட்டியில் கை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுத்துத் தெரிந்தவனுக்கு அது அந்த வீட்டுக்காரர் பெயர், அவர்களுக்கு வருகிற தபாலுக்கு வைத்த பெட்டி என்று தெரிந்திருக்கும். எனக்கு எல்லாச் சிவப்புப் பெட்டியும் ஒன்று. சீமைக்குப் போகிற கடிதம், சீமைக்காரர் பெட்டியில் போட்டால் இன்னும் சீக்கிரம் போகும் என்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டதாக நினைத்தேன். போட்டுவிட்டு, மழையில் விசில் அடித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வீட்டார் அதற்கு முன்பே கீழே இறங்கிவிட்டார்கள். சீசனுக்குத்தான் திரும்ப வருவார்கள்.

இதுவரைக்கும் தெரியாமல் செய்தது. இனிமேல் சொல்வது அப்படி இல்லை.

மார்ச் மாதம், தவக்காலம். சீசனுக்கு முன்னால் பங்களா கேட்டுகளுக்குப் பெயிண்ட் அடிக்க மேஸ்திரி என்னைக் கூட்டிப்போனார். அந்தப் பெட்டியைச் சுரண்டச் சொன்னார். திறந்தேன். சருகு, நத்தை, அடியில் நீலத் தாள். நனைந்து, காய்ந்து, தகரத்தோடு ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்துச் சட்டைக்குள் வைத்தேன். ஈஸ்டருக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருந்தால் வேறொன்று எழுதிப் போட்டிருப்பார். பத்து நாளில் போயிருக்கும்.

சொல்லவில்லை. அப்பாவின் கை உனக்குத் தெரியாது. அவர் தோட்டத்துக் குழாய் ரப்பரை எடுப்பார். நாளைக்குச் சொல்வோம் என்று ஒரு நாள் வைத்திருந்தேன். மறுநாள் பங்களாவின் வெந்நீர் அடுப்பில் போட்டேன். அம்மா படியைத் துடைத்துக்கொண்டிருந்தது அந்த வாரங்களில்தான். அது எனக்கு உன் கடிதம் வரும்வரை தெரியாது. டீச்சர் படித்தபோதுதான் தெரிந்தது.

ஈஸ்டர் போனது. உபதேசியார், இன்னொன்று எழுதுவோமா சவரிமுத்து என்றார். அப்பா, “ஒரு தடவ கூப்பிட்டாச்சுங்க” என்று சொல்லிவிட்டார். அறுபத்தெட்டில் சாகும்வரை, கூப்பிட்டும் வராதவள் என்றே அம்மாவை நினைத்திருந்தார்.

பங்கு பங்கு என்று எழுதினாயே. உன்னை அந்த எஸ்டேட்டில் கொண்டுபோய் வைத்தது நான். அது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்குச் செய்தது என்ன என்று தெரியும்.

களைப்பாக இருக்கிறது. வா என்று சொன்னதை மறக்காதே.

அண்ணன்,
ஞானமுத்து


ஹார்டன்
19 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். கடிதம் ஜூலை இருபத்துநாலில் வந்தது. ஃபிளாட் விஷயத்தில் அக்டோபர் கடைசி வரை தவணை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

பெட்டியில் போட்டதற்கு உங்கள்மேல் வருத்தமில்லை. பதிமூன்று வயது. அடுப்பில் போட்டதையும் நான்கைந்து நாளில் ஒருவாறு விழுங்கிவிட்டேன். அடிக்குப் பயந்த பிள்ளை.

எனக்கு ஆறாதது வேறு. நீங்கள் எழுதாமல் விட்டது.

தொண்ணூற்று நாலில் வந்து பத்து நாள் உங்களோடு இருந்தேன். அப்போது அம்மா உயிரோடு இருந்தாள். இடுப்பு எலும்பு தேறாததால்தான் அவள் வரவில்லை. கிளம்பும் அன்று பஸ் ஜன்னலில் கேட்டேன், அம்மாவுக்கு என்ன சொல்லட்டும் என்று. “கேட்டதாச் சொல்லு” என்றீர்கள். இங்கே வந்து அப்படியே சொன்னேன். அவள், “அவ்வளவுதானா?” என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தாள், அண்ணே.

மேலே எழுத வரவில்லை.

மேரி


ஆனந்தகிரி
7 செப்டம்பர் 2024

மேரிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாயில்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

நீ எழுதியது சரி. அந்தப் பத்து நாளும் சொல்ல நினைத்தேன். ஏரியைச் சுற்றி நடந்தபோது ஒரு தடவை தொண்டை வரை வந்தது. நீ சோளம் வாங்கித் தா என்றாய், வாங்கப் போய்விட்டேன். பதினாலு வயதில் பயம். நாற்பத்தாறில் அது வெட்கமாகிவிட்டது. பயத்தையாவது யாரிடமாவது சொல்லலாம்.

“அவ்வளவுதானா” என்று டீச்சர் படித்ததும், இன்னொரு தரம் படிக்கச் சொல்லவில்லை. காதில் கெடக்கு. போகாது.

நீ வர வேண்டாம் என்று நினைத்தால் அதற்கும் எழுது. அந்தக் கடிதம் ரெஜிஸ்டர் தபாலில் வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஞானமுத்து


ஹார்டன்
2 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். குளிர் இறங்கிவிட்டது. எங்கள் வரிசையில் இப்போது மூன்று வீட்டில்தான் விளக்கு எரிகிறது. மற்றக் கதவுகளுக்குப் பலகை அடித்துவிட்டார்கள்.

நேற்றுப் போய் ஃபிளாட் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன். நவம்பர் இருபதாம் தேதி மதுரைக்கு வந்து சேர்கிறேன். மன்னித்துவிட்டுத்தான் வருகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபத்தோடுதான் வருகிறேன். இந்த ஊரில் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து யார்மேல் கோபப்பட? அம்மாவை, அப்பாவைத் தெரிந்தவர்களில் எனக்கு மிச்சம் நீங்கள் ஒருத்தர். கோபம் என்றாலும் உங்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அம்மாவின் கடிதத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னீர்கள். அப்பா உபதேசியாரிடம் சொன்னதையும் கூட நின்று கேட்டிருக்கிறீர்கள். அதுவும் மறந்திருக்காது. கிளம்புவதற்கு முன் அது என் கைக்கு வர வேண்டும். அம்மாவின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. போய் நின்று படித்துக் காட்டிவிட்டுப் புறப்படுகிறேன்.

அன்புடன்,
மேரி


ஆனந்தகிரி
16 அக்டோபர் 2024

பிரியமுள்ள தங்கச்சி மேரிக்கு,

நலம். உன் பிரயாணத்துக்கு ஆண்டவர் துணை. மதுரையில் ஜெரால்டு காரோடு நிற்பான். அடுக்கம் பாதையில் மண் சரிந்திருக்கிறது. வத்தலக்குண்டு வழியாகவே வாருங்கள். கோபத்தைக் கொண்டுவா. வைக்க இடம் இருக்கிறது.

நீ கேட்டது இது. அப்பா சொல்ல, உபதேசியார் எழுதினது.

“தெரசம்மாளுக்கு சவரிமுத்து எழுதுவது. நானும் பெரியவனும் சுகம். உன் சுகத்துக்கும் சின்னவள் சுகத்துக்கும் எழுதவும்.

உன் கடுதாசி கிடைத்தது. வாசல் மிதிக்கக் கூடாது என்று சொன்னது நான்தான். சொல்லிவிட்டு அன்றைக்கே, கிளை மட்டும் வெட்ட வேண்டிய ரோஜாச் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். துரை கேட்டதற்குப் பூச்சி அடித்துவிட்டது என்றேன். மூன்று வருஷமாக அந்த இடத்தில் என்ன வைத்தாலும் வரவில்லை.

நீ புறப்பட்டு வா. ஒரு வார்த்தை கேட்டாய், அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியாது. லைன் வீட்டுக்குப் பின்னால் பூண்டு போட்டிருக்கிறேன். பிடுங்கிவிடுவேன், பின்னிக் கட்ட எனக்கு வராது. நீ வந்து கட்டு. சின்னவளுக்கு என் முகம் மறந்திருக்கும். அழுதால் அடிக்காதே, மெள்ளப் பழகிக்கொள்ளட்டும். பெரியவனுக்குச் சட்டை கிட்டை எடுக்காதே. உனக்கு அளவு தெரியாது. என் தோளுக்கு வந்துவிட்டான்.

கப்பல் எந்தத் தேதிக்கு என்று எழுது. கொடைரோடு ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

இப்படிக்கு சவரிமுத்து கைநாட்டு.”

இவ்வளவுதான் என்று சொல்லி, டீச்சரைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். அவர் உறையை எடுத்துவிட்டார். பிறகு நான்தான் நிறுத்தினேன். ஒரு வரியை விட்டுவிட்டேன், மேரி. மறந்து விட்டது இல்லை. கைநாட்டு வைப்பதற்கு முன்னால் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இதையும் சேர்த்துக்கொள்ளுங்க என்றார். அம்மாவுக்குப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படி.

“கடுதாசியைப் பெரியவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பொறுப்பான பையன். கட்டாயம் உன் கைக்கு வந்துவிடும்.”